நாமும் கஃபீல்களாகிவிட்டோம்!

அண்மையில் நம் கடற்கரையூர் ஒன்றில் நடந்த நிக்காஹ் விருந்துக்குச் சென்றிருந்தோம். சஹனைச் சுற்றி அமர்ந்த நால்வரில் இருவர் துபாயில் தொழில் புரிபவர்கள். ஒருவர் சிங்கப்பூரில் வேலையிலிருப்பவர். ஊரோடு இருப்பவர் நாம் மட்டுமே. பேச்சு, விலைவாசியில் தொடங்கி, பிள்ளைகளின் படிப்பைத் தொட்டு, வீட்டு வேலைக்கு ஆள் கிடைக்காத கவலையில் வந்து நின்றது. துபாய்க்காரர்களில் இளையவர் மூத்தவரைப் பார்த்துக் கேட்டார்: “காக்கா, வீட்டில் அவளும் வேலைக்குப் போகிறாள். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து ஏழைப்பெண் ஒருத்தியை அழைத்துக்கொண்டு போகலாம் என்றிருக்கிறேன். எந்த விசா லேசு?”

மூத்தவர் சிறிதும் தயங்கவில்லை. “விசிட் விசாவில் கூட்டிக்கொண்டு போ. சொந்தக்காரப் பெண் என்று சொல்லிவிடு. போன மறுநாளே பாஸ்போர்ட்டை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டு. மற்றதை அங்கே பார்த்துக்கொள்ளலாம்” என்றார். சிங்கப்பூர்க்காரர் தலையசைத்துச் சிரித்தார். சஹனில் சோறு தீர்ந்தது, பேச்சும் தீர்ந்தது. நமக்கு மட்டும் அந்த ஒரு பிடிச் சோறு தொண்டையில் நின்றுவிட்டது.

எந்த விசா லேசு என்று கேட்டார்கள். எந்த விசா மலிவு என்றும் கேட்டிருப்பார்கள். எந்த விசா நியாயமானது என்று அந்தச் சஹனில் ஒருவரும் கேட்கவில்லை. நம் சமுதாயத்தின் வீட்டுக்கதவுகளுக்குப் பின்னால் நடப்பதை நாமே பேசாவிட்டால் வேறு யார் பேசுவது? ஆகவேதான் இதனை எழுதுகிறோம். சிலருக்குக் கசக்கும். கசந்தாலும் படிக்கும்படி வேண்டுகிறோம்.

மறந்துபோன கடிதங்கள்

1973ஆம் ஆண்டில் எண்ணெய் விலை உயர்ந்ததற்குப் பின், அரபு நாடுகளின் கதவுகள் உழைப்பாளர்களுக்காகத் திறந்தன. அதற்கு முன் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் இலங்கைக்கும் சபர் சென்ற நம் சமுதாயத்தின் அடுத்த தலைமுறை அந்தக் கதவுகள் வழியாக நுழைந்தது. ஊரில் மாடிவீடுகள் எழுந்தன, குமர்கள் கரையேறின, பள்ளிவாசல்கள் புதுப்பொலிவு பெற்றன. அந்தச் செல்வத்தின் முதுகிலே ஒரு தழும்பு உண்டு. அதன் பெயர் கஃபாலத்.

ஒருவன் அந்த நாட்டில் தங்கவேண்டுமானால் அந்நாட்டவர் ஒருவர் அவனுக்குப் பொறுப்பேற்க வேண்டும். அவர் கஃபீல். அவர் கையெழுத்தில்லாமல் வேலை மாறமுடியாது. சில நாடுகளில் அவர் அனுமதியில்லாமல் விமானம் ஏறவும் முடியாது. கஃபாலத் என்ற அரபுச் சொல்லின் மூலப்பொருள் பொறுப்பேற்றல், பிணை நிற்றல் என்பதே. அநாதையைப் பொறுப்பேற்று வளர்ப்பதற்கும் அதே சொல்தான். அருளைக் குறித்த சொல் அதிகாரத்தைக் குறிக்கும் சொல்லாக மாறியதை நம் வாப்பாமார்கள் தங்கள் உடம்பிலே கண்டார்கள்.

அந்நாளைய கடிதங்களை இன்றும் பெட்டியில் வைத்திருக்கும் உம்மாமார்கள் உண்டு. எடுத்துப் படித்துப் பாருங்கள். “பாஸ்போர்ட் அரபியிடம் இருக்கிறது, கேட்டால் கோபிக்கிறார்.” “தாயார் மவுத்துக்கு வரமுடியவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள்.” “நாலு மாதச் சம்பளம் பாக்கி, கேட்டால் ஊருக்கு அனுப்பிவிடுவேன் என்கிறார்.” இவ்வாறு எழுதாத கடிதம் எந்தத் தெருவில் வராமலிருந்தது? அந்தக் கஃபீலை நாம் சபித்தோம். அவருக்காக அழுதவர்களோடு சேர்ந்து அழுதோம். இன்றோ, அந்தக் கடிதத்தை எழுதியவரின் மகன் படித்து, உத்தியோகம் பார்த்து, நல்ல சம்பளத்தோடு அதே நகரில் குடும்பமாக வாழ்கிறார். தன் வீட்டுக்கு ஒரு பணிப்பெண்ணை அழைக்கிறார். அழைத்த மறுநாள் அவளுடைய பாஸ்போர்ட்டை அலமாரியில் வைத்துப் பூட்டுகிறார். வாப்பாவின் கஃபீல் செய்ததையே செய்கிறார்; வாப்பாவின் கடிதத்தை மட்டும் மறந்துவிட்டார்.

வழிகள் இருக்கின்றன

“சட்டப்படி அழைப்பது பெரும்பாடு” என்பது முதல் சாக்கு. வழிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஐக்கிய அரபு அமீரகத்தில் வெளிநாட்டவர் ஒருவர் தம் சொந்தப் பொறுப்பில் பணிப்பெண்ணுக்கு விசா எடுக்க இயலும். குடும்பமாக வாழவேண்டும், மாத வருமானம் 25,000 திர்ஹம் இருக்கவேண்டும் என்பது பொதுவான நிபந்தனை. அத்தகைய வருமானமில்லாதவருக்கும் வழி அடைக்கப்படவில்லை. அரசு உரிமம் பெற்ற தத்பீர் நிலையங்கள் பணிப்பெண்ணின் விசாவைத் தங்கள் பொறுப்பிலேயே வைத்துக்கொண்டு, மாதக் கட்டணத்திற்கோ மணிக்கணக்கிற்கோ வீடுகளுக்கு அனுப்புகின்றன. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் அந்த நாட்டில் வீட்டுப் பணியாளருக்கென்றே இயற்றப்பட்டது. வாரம் ஒருநாள் ஊதியத்துடன் ஓய்வு; நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரத்திற்குக் குறையாத ஓய்வு, அதில் எட்டு மணி நேரம் தொடர்ச்சியாக; ஆண்டுக்கு 30 நாள் ஊதியத்துடன் விடுப்பு; கடவுச்சீட்டும் அடையாள ஆவணங்களும் பணியாளரிடமே இருக்கவேண்டும். இவை எவருடைய பெருந்தன்மையும் அல்ல, சட்டம்.

சிங்கப்பூரில் 1978 முதல் வெளிநாட்டுப் பணிப்பெண்களுக்கெனத் தனித்திட்டம் உண்டு. முதன்முறையாக வருபவள் 23 வயது நிரம்பியவளாக இருக்கவேண்டும். எட்டாண்டுப் பள்ளிப்படிப்பு வேண்டும். எசமானருக்கு உறவினளாக இருக்கக்கூடாது. எசமானர் 5,000 வெள்ளி பிணைத்தொகைக்குப் பொறுப்பேற்க வேண்டும். மாதந்தோறும் அரசுக்குத் தீர்வை கட்டவேண்டும். வழக்கமாக 300 வெள்ளி, சிறு குழந்தையோ முதியோரோ உள்ள வீட்டுக்குச் சலுகையாக 60 வெள்ளி. அந்தத் தீர்வையை அவள் சம்பளத்தில் பிடிக்கக்கூடாது. 2013 முதல் வாரத்தில் ஒருநாள் ஓய்வு அவள் உரிமை. அந்நாளிலும் வேலை செய்ய அவள் இசைந்தால் அதற்குத் தனியாகப் பணம் தரவேண்டும். பணத்தைக் கொடுத்து எல்லா ஓய்வுநாளையும் வாங்கிவிடும் வழக்கம் பெருகியதால், மாதத்தில் ஒருநாளையாவது எந்த விலைக்கும் வாங்கமுடியாதபடி 2023 ஜனவரி முதல் கட்டாயமாக்கினார்கள்.

இனி நம் நாட்டின் பக்கம். பத்தாம் வகுப்புத் தேறாத ஒருவர் வளைகுடா நாடுகளும் மலேசியாவும் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்லவேண்டுமானால், இந்திய அரசின் குடியகல்வு அனுமதியைப் பெறவேண்டும். அத்தகைய பெண்ணுக்கு 30 வயது நிறைந்திராவிட்டால் அந்த நாடுகளில் வீட்டுவேலைக்கு அனுமதி இல்லை. இத்தகைய பெண்களை அனுப்பும் பொறுப்பை அரசு நிறுவனங்களிடமே ஒப்படைத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் 1978இல் தொடங்கப்பட்ட அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இதற்காகவே இருக்கிறது.

இவ்வளவு வழிகள் இருக்க, விசிட் விசா ஏன்? காரணம் வெளிப்படை. உல்லாசப் பயணியிடம் குடியகல்வு அனுமதியைக் கேட்கமாட்டார்கள். வயதைப் பார்க்கமாட்டார்கள். ஒப்பந்தத்தைப் பார்க்கமாட்டார்கள். சம்பளம் எவ்வளவு என்று எந்த அதிகாரியும் எழுதி வைக்கமாட்டார். அந்த விசா லேசாயிருப்பதற்குக் காரணமே, அவளைக் காக்கும் எந்தக் கதவையும் அது தட்டாமல் போவதுதான்.

அதன் பின் நடப்பதையும் பார்ப்போம். விசிட் விசாவின் நாள்கள் முடியும். புதுப்பிக்கச் செலவாகும் என்று “பார்க்கலாம்” என்பார் எசமானர். கெடு கடந்த ஒவ்வொரு நாளுக்கும் அமீரகத்தில் 50 திர்ஹம் தண்டம் ஏறும். ஏறுவது யார் பேரில்? அவள் பேரில். ஓராண்டு கழித்து அவள் உம்மாவுக்கு உடல்நலமில்லை என்று செய்தி வந்தால், 18,000 திர்ஹத்திற்கு மேல் கடன்பட்டவளாக அவள் விமான நிலையத்தின் வாசலில் நிற்பாள். சம்பள பாக்கியைக் கேட்டு அதிகாரிகளிடம் போகலாமா? போனால் முதல் கேள்வி, “நீ எந்த விசாவில் வேலை செய்தாய்?” என்பதாக இருக்கும். அடித்தாலும் சொல்லமுடியாது, பட்டினி போட்டாலும் சொல்லமுடியாது. எசமானர் வாய் திறந்து மிரட்டவே வேண்டியதில்லை. அவருக்குப் பதிலாக அந்த விசாவே மிரட்டிக்கொண்டிருக்கும். சட்டத்திற்குப் புறம்பாக ஆள் வைத்த குற்றம் எசமானரையும் விடாது. சிங்கப்பூரில் 5,000 முதல் 30,000 வெள்ளி வரை தண்டமும் ஓராண்டு வரை சிறையும் உண்டு. ஆனால் நாம் நம் தோலுக்காக அஞ்சும்படி இதைச் சொல்லவில்லை. அவள் தோலுக்காக அஞ்சுங்கள் என்கிறோம்.

“எங்கள் வீட்டுப் பிள்ளைபோல”

இரண்டாவது சாக்கு இனிமையானது. “அவளை நாங்கள் வேலைக்காரியாகவா வைத்திருக்கிறோம்? எங்கள் வீட்டுப் பிள்ளைபோல வைத்திருக்கிறோம். பிள்ளைக்கு ஒப்பந்தம் எதற்கு, ஓய்வுநாள் எதற்கு?” என்பார்கள். சொல்பவர்களில் பலர் உண்மையாகவே நல்லவர்கள். ஆனாலும் இந்தச் சொல்லைச் சற்றுத் திருப்பிப் பார்க்கவேண்டியிருக்கிறது.

ஐரோப்பாவில் இதற்கு ஒரு பழைய பெயர் உண்டு: ஓ-பேர். பிரெஞ்சு மொழியில் அதற்கு ‘சமநிலையில்’ என்று பொருள். அயல்நாட்டு இளம்பெண் ஒருத்தி ஒரு குடும்பத்தோடு தங்கி, குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு, அந்நாட்டு மொழியைக் கற்றுக்கொள்வது அந்த ஏற்பாடு. அந்தப் பெயரை நம்பி எல்லாவற்றையும் குடும்பங்களின் நல்லெண்ணத்துக்கே விட்டுவிட்டார்களா? இல்லை. 1969 நவம்பரில் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஐரோப்பிய நாடுகள் இதற்கென ஓர் உடன்படிக்கை செய்தன. வேலை நாளொன்றுக்கு ஐந்து மணி நேரத்திற்கு மேல் பொதுவாகக் கூடாது, வாரத்தில் ஒரு முழுநாள் ஓய்வு, கைச்செலவுப் பணம், மொழி வகுப்புக்குப் போக நேரம், எல்லாவற்றிற்கும் மேலாக எழுத்தில் ஓர் ஒப்பந்தம். ‘சமநிலை’ என்று பெயர் வைத்தவர்களே அதைத் தாளில் எழுதி வைத்தார்கள்.

எழுதி வைத்தும், பெயரை வைத்து ஏய்ப்பது நிற்கவில்லை. அமெரிக்காவில் 1986 முதல் பண்பாட்டுப் பரிமாற்றம் என்ற பெயரில் ஓ-பேர் பெண்களுக்கு விசா வழங்குகிறார்கள். வாரம் 45 மணி நேரம் வரை வேலை. பல ஆண்டுகளாக வாரத்திற்கு 195.75 டாலர்தான் குறைந்தபட்சத் தொகை. கணக்குப் போட்டால் மணிக்கு நாலே கால் டாலரும் சில்லறையும். குடும்பத்தில் ஒருத்தி, விருந்தாளி, மாணவி என்று எல்லாப் பெயரும் அவர்களுக்குச் சூட்டப்பட்டன. கூலிக்காரி என்ற பெயரைத் தவிர. அந்தப் பெண்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2019இல் 15 முகவர் நிறுவனங்கள் 6 கோடியே 55 லட்சம் டாலர் கொடுத்து வழக்கைத் தீர்த்துக்கொண்டன. அதே ஆண்டு டிசம்பரில், மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் குறைந்தபட்சக் கூலிச்சட்டம் ஓ-பேர் பெண்களுக்கும் உண்டு என்று கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிள்ளை என்று அழைத்துவிட்டால் கூலி மிச்சம் என்ற கணக்கு நமக்கு மட்டும் உரியதன்று, உலகெங்கும் உள்ளதுதான். எங்கிருந்தாலும் அது பொய்க்கணக்கே.

பிள்ளைபோல என்கிறீர்களே, உங்கள் பிள்ளை உங்களிடம் கோபித்துக்கொண்டால் என்ன செய்கிறாள்? கதவைச் சாத்திக்கொள்கிறாள், பெரியம்மா வீட்டுக்குப் போகிறாள், இரண்டு நாள் பேசாமலிருக்கிறாள். உங்கள் பணிப்பெண் கோபித்துக்கொண்டால் எங்கே போவாள்? சாத்திக்கொள்ள அவளுக்குக் கதவு உண்டா? போய்வர அவளிடம் பாஸ்போர்ட் உண்டா? கோபித்துக்கொள்ளவும் திரும்பிப் போகவும் முடியாதவளைப் பிள்ளை என்பது, கூண்டிலிருப்பதை விருந்தாளி என்பது போன்றதாகும். மகள் என்று அழைப்பதானால் முதலில் மகளுக்குரிய சுதந்திரத்தைக் கொடுங்கள். அது இயலாதென்றால், பணியாளுக்குரிய உரிமையையாவது குறைவின்றிக் கொடுங்கள். இரண்டையும் மறுப்பதற்காக இரண்டு பெயரையும் மாற்றி மாற்றிச் சூட்டாதீர்கள்.

“செலவு நான் செய்தேன்; ஓடிவிட்டால்?”

மூன்றாவது சாக்கு வியாபாரிகளுடையது. விசாச் செலவு, முகவர் செலவு, டிக்கெட் எல்லாம் நான் கொடுத்தேன். அவள் ஓடிவிட்டால் என் பணம் போய்விடும். ஆகவே பாஸ்போர்ட் என்னிடமே இருக்கட்டும் என்பார்கள்.

வீட்டுக்குக் குளிர்சாதனப் பெட்டி வாங்கினால் அது வீட்டை விட்டு ஓடாது. ஆகவே அதன்மேல் போட்ட பணத்துக்கு அச்சமில்லை. மனிதர்மேல் போட்ட பணத்தை அவ்வாறு காவல் காக்கத் துணிந்தால், அந்த மனிதரும் ஒரு பொருளாகிவிடுகிறார். ஆள் அழைக்கும் செலவு எசமானரின் செலவு. அதனை அவள் தலையில் கட்டக்கூடாது என்று அமீரகத்தின் சட்டமும் சொல்கிறது. 2011 ஜூன் மாதம் ஜெனீவாவில் உலகத் தொழிலாளர் நிறுவனம் வீட்டுப் பணியாளருக்காக 189ஆம் இலக்க உடன்படிக்கையை நிறைவேற்றியது. பயண ஆவணங்களைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும் உரிமை பணியாளருக்கு உண்டு என்பது அதன் 9ஆம் பிரிவு. நம் நாடும் வளைகுடா நாடுகளும் இன்னும் அதனை ஏற்று உறுதி செய்யவில்லை என்பது வேதனைக்குரியது. ஆனால் அரசு கையெழுத்திடாததால் நம் மனச்சாட்சிக்கும் விலக்குக் கிடைத்துவிடுமா?

இனி, ஓடுவதைப் பற்றி. ஒருத்தி தெரியாத ஊரில், தெரியாத மொழியில், கையில் காசில்லாமல், நடுநிசியில் ஏன் ஓடுகிறாள் என்று என்றாவது யோசித்ததுண்டா? நல்ல வீட்டிலிருந்து ஓடுவோர் மிகச் சிலர். வாசல் பூட்டியிருப்பதால்தான் பலர் சுவரேறுகிறார்கள். 1998 முதல் பிரிட்டன், எசமானரோடு வரும் வீட்டுப் பணியாளர் வேறு வீட்டுக்கு மாறிக்கொள்ள இடமளித்திருந்தது. 2012 ஏப்ரலில் அந்த உரிமையைப் பறித்து, ஆறு மாத விசாவில் ஒரே எசமானரோடு கட்டிப்போட்டது. கொடுமைகள் பெருகுவதாகப் பணியாளர் அமைப்புகள் குரல் எழுப்பின; அரசே நியமித்த ஆய்வாளரும் அந்தக் கட்டு அவிழ்க்கப்படவேண்டும் என்றார். 2016இல், விசா உள்ள ஆறு மாதத்திற்குள்ளாவது மாறிக்கொள்ளலாம் என்று ஓரளவு இறங்கி வந்தார்கள். கஃபாலத் அரபு மண்ணில் மட்டும் முளைப்பதன்று. ஒரு பெண்ணின் தங்குரிமையை ஒரு வீட்டின் கதவோடு சேர்த்துக் கட்டுகிற இடத்திலெல்லாம் அது முளைக்கும்.

முளைத்ததைப் பிடுங்கவும் முடியும். கத்தார் 2017இல் வீட்டுப் பணியாளர் சட்டம் கொண்டுவந்தது. 2020 ஜனவரியில் அவர்கள் நாட்டை விட்டுச் செல்ல எசமானரின் அனுமதி தேவை என்ற விதியை நீக்கியது. அதே ஆண்டில் வேலை மாறுவதற்கு வேண்டியிருந்த இசைவுக் கடிதத்தையும் நீக்கியது. 2021 மார்ச் முதல் மாதம் 1,000 ரியால் என்ற குறைந்தபட்ச ஊதியத்தை வீட்டுப் பணியாளருக்கும் ஆக்கியது. சட்டம் தாளில் ஏறியதெல்லாம் சமையலறைக்குள் ஏறிவிட்டதென்று நாம் சொல்லவில்லை. நம் வாப்பாமார்களைக் கட்டிய கயிற்றை அரபு நாடுகளே அவிழ்க்கத் தொடங்கியிருக்கும் காலத்தில், அவிழ்ந்த கயிற்றைப் பொறுக்கிக்கொண்டு நம்மவர் வீட்டுக்குள் போகலாமா என்பதே நம் கேள்வி.

மூதூரிலிருந்து போன சிறுமி

இதைப் படிப்போரில் சிலர், “விசாவில் வயதைக் கொஞ்சம் கூட்டிப் போடுவதெல்லாம் வழக்கம்தானே” என்று நினைக்கலாம். அவர்கள் ஒரு சம்பவத்தை நினைவில் வைக்கவேண்டும்.

இலங்கையின் கிழக்கே மூதூரில், விறகு வெட்டிப் பிழைத்த ஓர் ஏழை முஸ்லிம் குடும்பத்தின் பெண், 2005இல் சவூதி அரேபியாவுக்குப் பணிப்பெண்ணாக அனுப்பப்பட்டாள். பிறந்த ஆண்டு 1988. கடவுச்சீட்டிலோ 1982 என்று எழுதப்பட்டிருந்தது. வீட்டுவேலைக்கென்று போனவளிடம் நான்கு மாதக் கைக்குழந்தைக்குப் புட்டிப்பால் கொடுக்கும் பொறுப்பும் விடப்பட்டது. போய்ச் சில வாரங்களுக்குள் அந்தக் குழந்தை இறந்தது. மூச்சடைத்து இறந்தது என்றாள் அவள். கொலை என்றார்கள் அவர்கள். முதல் விசாரணையில் அவளுக்கு வழக்கறிஞர் இல்லை; சரியான மொழிபெயர்ப்பும் இல்லை. 2007இல் மரணதண்டனை விதிக்கப்பட்டது. 2013 ஜனவரி 9ஆம் நாள் நிறைவேற்றப்பட்டது.

அந்தத் தீர்ப்பைப் பற்றி உலகம் நிறையப் பேசிவிட்டது. நாம் பேசவேண்டியது அந்தக் கடவுச்சீட்டைப் பற்றி. அதில் ஆறு ஆண்டுகளைக் கூட்டி எழுதிய கை சவூதிக்காரரின் கையன்று. அவள் மொழியைப் பேசிய, அவள் ஊர் வறுமையை அறிந்த முகவர்களின் கை அது. உண்மை வயதை எழுதியிருந்தால் அவள் விமானமேறியிருக்க முடியாது. அந்தக் குழந்தையின் அருகிலும் இருந்திருக்கமாட்டாள். விசாவிலே சொல்லும் சின்னப் பொய் ஒரு கழுத்து வரை நீண்டது. வயது வரம்பை வெறுங்காகிதம் என்று எண்ணுபவர்கள், அந்தக் காகிதம் எதற்காக எழுதப்பட்டது என்பதை அங்கே போய்க் கற்றுக்கொள்ளட்டும்.

வீட்டுப் பெண்மணிகளுக்கு

நாம் இதுவரை ஆண்களை நோக்கியே பேசினோம். விசா எடுப்பவர் ஆண். ஆனால் அந்த விசா வீட்டுக்குள் வந்தபின் அதனை நடத்துபவர் பெண். எனவே நம் சகோதரிகளிடமும் ஒரு சொல்.

உங்கள் சுமையை நாம் அறியாமலில்லை. உம்மாவும் மாமியும் பக்கத்திலில்லாத நாட்டில், வேலையும் பார்த்து, சமைத்து, கைக்குழந்தையும் வளர்ப்பது எளிதன்று. துணைக்கு ஆள் வைப்பது குற்றமாகாது. ஒரு ஏழைக் குடும்பத்துக்கு அது கண்ணியமான சம்பாத்தியமாகவும் அமையலாம். யாரையும் அழைக்காதீர்கள் என்று நாம் எழுதவில்லை. ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். உங்களில் பலர் அந்நாடுகளில் தங்கியிருப்பது கணவரின் விசாவைச் சார்ந்து. கணவருக்கு வேலை போனால் உங்கள் விசாவும் போகும். ஒவ்வொரு புதுப்பித்தலின் போதும் நெஞ்சில் ஒரு சிறு நடுக்கம் வரும். யாருடைய கையெழுத்திலோ நம் வாழ்வு நிற்கிறதே என்று தோன்றும். அந்த நடுக்கத்தை அறிந்த நீங்கள்தாம், உங்கள் அடுக்களையில் நிற்பவளின் நடுக்கத்தையும் அறியமுடியும். உங்களுக்காவது கணவர், அவளுக்கு யார்?

அவள் பிள்ளையை அவள் உம்மாவிடம் விட்டுவிட்டு உங்கள் பிள்ளைக்குச் சோறூட்டுகிறாள். அவள் பிள்ளையோடு பேசத் தினமும் அரைமணி நேரம் தொலைபேசியைக் கொடுப்பது தருமமன்று. பட்ட கடனில் ஒரு சிறு தவணை.

செய்யவேண்டியவை

வெளிநாட்டில் வாழும் நம் குடும்பங்கள் கீழ்க்கண்டவற்றைத் தங்களுக்குத் தாங்களே விதித்துக்கொள்ள வேண்டுகிறோம்.

விசிட் விசாவில் வேலைக்கு ஆள் அழைப்பதை அடியோடு விட்டொழியுங்கள். முறையான விசா எடுக்க வசதியில்லையென்றால், உரிமம் பெற்ற நிலையத்தின் வழியாகச் சில மணி நேரத்துக்கு ஆள் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் வசதியில்லையென்றால் நமக்குப் பணிப்பெண் வைக்கும் தகுதி இன்னும் வரவில்லை என்று பொருள். அதை ஒப்புக்கொள்வதில் இழிவில்லை.

புறப்படுவதற்கு முன் ஊரிலேயே தமிழில் ஒப்பந்தம் எழுதுங்கள். என்ன வேலை, எத்தனை மணி நேரம், எவ்வளவு சம்பளம், எந்த நாள் ஓய்வு, எப்போது ஊர் திரும்புவது, டிக்கெட் யார் செலவு என்பவை அதில் இருக்கட்டும். அவளுடைய குடும்பத்தார் முன்னிலையில் படித்துக் காட்டுங்கள். ஒரு பிரதி அவளிடம், ஒரு பிரதி அவள் உம்மாவிடம். சம்பளம் மாதம் தவறாமல் அவள் பெயரிலுள்ள வங்கிக் கணக்கில் ஏறட்டும். “ஊருக்குப் போகும்போது மொத்தமாகத் தருகிறேன்” என்ற சொல்லையே மறந்துவிடுங்கள். பாஸ்போர்ட் அவள் பெட்டியில் இருக்கட்டும். பெட்டியின் சாவி அவள் இடுப்பில் இருக்கட்டும்.

நம் ஜமாஅத்துகளும் விழிக்கவேண்டும். நிக்காஹுக்குப் பதிவேடு வைத்திருக்கிறோம். மையவாடிக்கும் கணக்கு வைத்திருக்கிறோம். ஊரிலிருந்து வீட்டுவேலைக்கு வெளிநாடு செல்லும் பெண்களுக்கு ஒரு பதிவேடு வைப்பதில் என்ன தடை? யார் அழைத்துச் சென்றார், எந்த விசா, எந்த முகவரி, சம்பளம் எவ்வளவு என்ற நான்கு வரி போதும். பள்ளிவாசலில் ஒரு கணக்கு இருக்கிறதென்று தெரிந்தாலே பல கைகள் அலமாரிப் பூட்டை நோக்கிப் போகும்போது தயங்கும். அந்நாடுகளில் உள்ள நம் ஊர்ச் சங்கங்கள் ஆண்டுதோறும் கந்தூரிச் சோறும் இஃப்தாரும் நடத்துகின்றன, மகிழ்ச்சி. அந்தச் சஹனில் பணிப்பெண்களுக்கும் ஓர் இடம் உண்டா, அன்று அவர்களுக்கு ஓய்வுநாளா என்பதையும் அவர்கள் கேட்கட்டும்.

அந்த நிக்காஹ் விருந்துக்கு மீண்டும் வருகிறோம். கை கழுவும் இடத்தில் அந்த இளைஞரைத் தனியே பிடித்து, “தம்பி, உங்கள் வாப்பாவின் பாஸ்போர்ட் எத்தனை ஆண்டு அரபியிடம் இருந்தது, தெரியுமா?” என்று கேட்டோம். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “பதினொரு ஆண்டு. எங்கள் வாப்பும்மா மவுத்துக்கு அவர் வரவில்லை” என்றார். அதற்குமேல் நாம் ஒன்றும் சொல்லவில்லை. அவர் என்ன முடிவெடுத்தார் என்பதும் நமக்குத் தெரியாது.

முடிவு அவரிடம் மட்டும் இல்லை. நம் எல்லாரிடமும் இருக்கிறது. கஃபீல் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டென்று பார்த்தோம். ஒன்று, பொறுப்பேற்றவர்; மற்றொன்று, பூட்டி வைத்தவர். உங்கள் வீட்டுக்கு வருகிற அந்தப் பெண் ஊர் திரும்பியபின், தன் பிள்ளைகளிடம் உங்களைப் பற்றிச் சொல்லும்போது இவற்றுள் எந்தப் பொருளில் அச்சொல்லைச் சொல்வாள்?